ஒன்று மட்டும் கிளம்பாது

என் கணவர் சிரிலின் அணு இயற்பியல் ஆய்வேட்டில் நாலாவது அத்தியாயத்தை நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோதுதான் அவர், அம்மாவை மட்டும் முதலில் அழைத்து வந்துவிடலாம் என்றார். எண்பத்து நாலாம் வருடம், நகரத்தில் மெர்கோங் பகுதியில் எங்களுக்கு வாடகை வீடு. சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்தில் இருந்த என் மாமியாருக்கு இதயம் பலவீனம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். மாமாவோ தோட்டத்தை விட்டு நகர மாட்டேன் என்றார்.

"அப்பா பின்னால தானா வந்துருவாரு, கேதரின்."

எனக்குச் சிரிப்பு வந்தது. தட்டிக்கொண்டிருந்த பக்கமே அதற்குப் பதில். பெரிலியத்தில் நிலையில்லாத ஒரு வகை. அதன் அணுக்கருவிலிருந்து இரண்டு புரோட்டான்கள் வெளியேறும். முதலில் ஒன்று, பிறகு மற்றது என்று வைத்து இவர் ஒரு வருடம் கணக்குப் போட்டார். ஒத்துவரவே இல்லை. ஒன்று மட்டும் விலகிப் போக அந்தக் கருவிடம் ஆற்றல் போதாது. இரண்டும் சேர்ந்து கிளம்பினால்தான் உண்டு. அதைப் புரிந்துகொண்ட அன்று சிறுபிள்ளை மாதிரி குதித்த மனிதர், பெற்றவர்கள் விஷயத்தில் கோட்டை விட்டார். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது சும்மாவா?

சனிக்கிழமை தோட்டத்துக்குக் காரில் போனோம். அத்தை ஏறி உட்கார்ந்துவிட்டார். மாமா ஜன்னலோரம் நின்றார்.

"நீ போ. நான் அப்புறமா வரேன்."

"சோறு யாரு ஆக்குவா?"

"கடையில சாப்பிட்டுக்குவேன் லா."

அத்தை காரைவிட்டு இறங்கிவிட்டார். வாசல்வரை நடப்பதற்குள் மூச்சு வாங்கியது, தூணைப் பிடித்துக்கொண்டார். நான் ஓடிப்போய் அவரைத் தாங்கிக்கொண்டேன்.

"மாமா, நீங்க ஏறாம அத்தை ஏற மாட்டாங்க. இங்கயே இருந்தா இவங்க உசிரு போயிரும்."

மாமா தூணையே பார்த்தார். பிறகு உள்ளே போய், சட்டையை மாட்டிக்கொண்டு வந்து கதவைப் பூட்டினார்.

"நீ ஏறு" என்றார்.

"நீங்க ஏறுங்க, பாப்போம்."

யாரும் அசையவில்லை. கடைசியில் ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றி வந்தார்கள். இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் சாத்திக்கொண்டன. சிரில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார்.

"என்னடா, பெட்ரோல் இல்லியா?" என்றார் மாமா.

கார் ரப்பர் மரங்களுக்கு நடுவே நகர்ந்தது. பின்னால் இருவரும் ஆளுக்கொரு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.