ஜோன் கொடுத்த கப்

அஞ்சனா அந்தக் கப்பை ஷோகேஸிலிருந்து எடுத்தாள். ஒரு பக்கம் மகனின் சாக்கர் பரிசு, மறுபக்கம் விளக்கெரியும் தாஜ்மஹால், நடுவில் இது. கலாவதியின் உதடு கோணியது. அமெரிக்காவில் இந்த மான்மவுத் ஜங்ஷனில் நம்மவர்களின் பாதி வீடுகள் இப்படித்தான். சம்பளம் வந்த வேகத்தில் ரசனை வரவில்லை என்பது அவள் எண்ணம்.

பல் டாக்டரான கலாவதி வார இறுதிகளில் பழைய இங்கிலீஷ் பீங்கான் தேடி அலைபவள். அது தெரிந்துதான் அஞ்சனா காபிக்குக் கூப்பிட்டிருந்தாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி ஜோனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் வந்துகொண்டிருந்தாளாம். முதியோர் இல்லத்துக்குக் கிளம்பிய அன்று ஜோன் இதைக் கையில் கொடுத்து, ரொம்பப் பழசு, பத்திரம் என்றாளாம்.

கலாவதி அலட்சியமாகத்தான் வாங்கினாள். போன் டார்ச்சை உள்ளே பிடித்தாள். பிற்காலப் போலியென்றால் வெளிச்சம் நீலம் பாய்ந்து தெரியும். இதில் நெய் நிறத்தில் கசிந்தது. நடுவே குட்டி நிலாக்கள் போல வெளிர்ப் புள்ளிகள். கவிழ்த்தாள். அடி வளையத்தில் ஒரு பழைய சில்லு பெயர்ந்திருந்தது. நகத்தால் வருடினாள். கண்ணாடி போல வழுக்கவில்லை, கற்கண்டுத் தூள் போலப் பொருபொருத்தது. சாஃப்ட் பேஸ்ட். சீனாக்காரனின் களிமண் ரகசியம் பிடிபடாத காலத்தில், அரைத்த கண்ணாடியைக் கலந்து இங்கிலீஷ்காரன் சுட்ட பதினெட்டாம் நூற்றாண்டுச் சரக்கு. மியூசியத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

தாஜ்மஹால் பக்கத்தில் வைக்கிறவளுக்கு இது எதற்கு?

"டூப்ளிகேட்மா. செத்தவங்க வீட்டு எஸ்டேட் சேல்ல கூடை கூடையா கெடைக்கும். ஒனக்கெதுக்கு எடத்த அடச்சிக்கிட்டு? குடு, க்ளினிக்ல பஞ்சு போட்டு வைக்கிறேன்."

முகம் வாடும் என்று பார்த்தாள். மாறாகப் பளிச்சென்றது.

"அப்பாடா. ஒடஞ்சிடுமோன்னு பயந்து தொடவே மாட்டேன் ஆன்ட்டி. ஜோன் ஆசையா குடுத்தது, யாருக்கும் தர மனசு வராது. இனிமே டெய்லி யூஸ் பண்ணலாம்."

சொல்லிக்கொண்டே கப்பைக் கழுவித் துடைத்து, அடுப்பில் பொங்கிய காபியை இறக்கினாள். முதல் காபி ஆன்ட்டிக்குத்தான் என்றாள்.

இந்த மண் கொதிக்கிற சூட்டைத் தாங்காது. ஊற்றாதே என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். போயும் போயும் இவள் முன்னால் முழிக்க வேண்டும்.

கலாவதி வாயைத் திறந்தாள்.

"சக்கர கம்மியா," என்றாள்.

ஆவி பறக்கக் காபி விளிம்புவரை ஏறியது. மெல்லிதாக ஒரு 'டிக்'. அஞ்சனா ஸ்பூன் தேடத் திரும்பியிருந்தாள். கலாவதி கப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். விரலிடுக்கில் சூடாக ஒரு இழை கசிந்து, மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையை நோக்கி இறங்கியது.