சாப்பாட்டுக்கு முன்

படிவத்தில் ஒரு கேள்வியை மட்டும் அவர் நிரப்பவில்லை. 'நம் பேச்சில் உங்கள் இறை விசுவாசத்துக்கும் இடம் வேண்டுமா?' கீழே மூன்று கட்டங்கள். வேண்டும். வேண்டாம். பிறகு சொல்கிறேன்.

"இதை விட்டுட்டீங்களே," என்றார் மனநல ஆலோசகர்.

"மூணும் சரியா இல்ல மேடம்."

"நானா அதை உள்ள கூட்டிட்டு வரமாட்டேன். நீங்க கூட்டிட்டு வந்தா வெளியில நிக்க வைக்கவும் மாட்டேன். அவ்வளவுதான் அந்தக் கேள்வி."

வந்தவர் லிஃப்ட் மெக்கானிக். மனைவி இறந்து எட்டு மாதம். பதினொரு கிலோ குறைந்திருந்தார். உடம்பில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லி மருத்துவர் இங்கே அனுப்பியிருந்தார்.

அறையில் இரண்டு நாற்காலிகள், ஒரு குட்டை மேசை. சுவரில் சிலுவை மாட்டியிருக்கும் என்று நினைத்து வந்தார். இல்லை. முதல் இரண்டு வாரம் வேலையைப் பற்றியே பேசினார். மூன்றாவது வாரம்தான் சொன்னார்.

"நின்னுக்கிட்டேதான் சாப்பிடுறேன். அடுப்புப் பக்கத்துல. பாத்திரத்துலேருந்தே."

"மேசையில உக்காந்தா?"

"கை காத்துக்கிட்டு இருக்கு."

மடியில் இரண்டு கையையும் கோத்துக் காட்டினார்.

"அவ ஜெபம் பண்ணின பிறகுதான் சாப்பிடுவோம். முப்பத்தோரு வருஷம். 'ஆண்டவரே'ன்னு ஆரம்பிப்பா. அதுக்கப்புறம் ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரல."

"கவனிச்சதில்லையா?"

"காதுல விழும். மோட்டார் சத்தம் மாதிரி. நின்ன பிறகுதானே ஓடிக்கிட்டு இருந்ததே தெரியுது." கைக்குட்டையை எடுத்து மடித்து மறுபடி உள்ளே வைத்தார். "போதகர் ஒரு ஜெபத்த அச்சடிச்சுக் கொடுத்தார். வாசிச்சுப் பாத்தேன். 'எட்டுப் பேருக்கு மேல் ஏறக்கூடாது'ன்னு வாசிக்கிற மாதிரி இருந்துச்சு."

ஆலோசகர் சிரித்துவிட்டார். அவருக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது.

"கடவுள் மேல கோவமா இருக்கீங்களா?"

"கோவப்படப் பழக்கம் வேணுமே மேடம். வீட்டுக்கு போன் வந்தா அவதான் எடுப்பா. இதுவும் அப்படித்தான். அவ பேசுவா, நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்."

அடுத்த வாரம் வந்ததும் கேட்டார். "நீங்க ஒரு ஜெபம் சொல்லுங்களேன். நீங்களும் சபைக்குப் போறவங்கதானே."

"போறேன். சொல்றேன். ஆனா அது என் ஜெபமா இருக்கும். அதுதான் வேணுமா உங்களுக்கு?"



"வேணாம். அவளோடதுதான் வேணும்."

"அது வேற யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?"

"மகளுக்குத் தெரிஞ்சிருக்கலாம்."

"கேட்டீங்களா?"

"இல்ல. அவளுக்கும் தெரியலன்னா போச்சு. கேக்காத வரைக்கும் அது அவகிட்ட இருக்குன்னு வச்சுக்கலாம்."

ஆலோசகர் தலையசைத்தார். போய்க் கேளுங்கள் என்று சொல்லவில்லை. "அப்படி வச்சுக்கிட்டு எவ்வளவு நாள் நின்னுக்கிட்டே சாப்பிட முடியும்?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் வீட்டுக்குப் போனார். அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் கதவு மூடும்போது லேசாக இழுத்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

மகள் இரண்டு தட்டு வைத்தாள். அவர் சுவரோரம் நின்றார்.

"உக்காருங்கப்பா. நீங்க என்ன குதிரையா?"

உட்கார்ந்தார். "அம்மா சாப்பாட்டுக்கு முன்னால ஜெபம் பண்ணுவாளே. அது உனக்குத் தெரியுமா?"

"எது?"

"அதான். எப்பவும் சொல்லுவாளே, அது."

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எப்பவும் சொல்றதுன்னு ஒண்ணு கிடையாதேப்பா. அன்னன்னைக்கு நடந்ததத்தான் சொல்வாங்க. ஒரே ஜெபம்னா நெனச்சுக்கிட்டு இருந்தீங்க?"

அவர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார்.

"உங்க கை லிஃப்ட் கதவுல மாட்டித் தப்பிச்ச அன்னைக்கு, ஒவ்வொரு விரலாச் சொல்லி நன்றி சொன்னாங்க. சுண்டு விரல் வரைக்கும். எனக்குச் சிரிப்ப அடக்க முடியல."

அவர் கையை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டார். "இன்னொண்ணு சொல்லு."

"எனக்குக் கணக்குப் பரீட்சையில பூஜ்யம் வந்த அன்னைக்கு, அப்பாவுக்கு இது தெரியவேண்டாம் ஆண்டவரேன்னாங்க. உங்க முன்னாடி. சத்தமாவே."

"எனக்குத் தெரியாது."

"அதான் சொல்றேன். ஆண்டவர் நிறைவேத்திட்டாரு."

"இன்னொண்ணு."

பக்கத்து வீட்டு நாய் காணாமல் போனதைச் சொன்னாள். தன் கல்யாணத்துக்கு முந்தின நாளைச் சொன்னாள். அதற்குள் தட்டில் எல்லாம் ஆறிவிட்டது.

"கடைசி மாசம்," என்றார். "அப்போ என்ன சொன்னா?"



"நான் இங்கதான் இருந்தேன். அங்க நீங்க மட்டும்தானேப்பா இருந்தீங்க."

தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றார்கள். மூன்று தரம் இருமிவிட்டுக் கிளம்பியது. அவர் அந்த மாதத்தின் மேசையை நினைத்துப் பார்த்தார். மாத்திரை டப்பா, தண்ணீர் ஜக்கு, அவள் உதடு அசைவது. உதடு மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"சாப்பிடுங்கப்பா," என்றாள்.

"ம்."

தட்டைத் தன் பக்கம் இழுத்தார். தொடவில்லை.

"ஆண்டவரே," என்றார். "இன்னைக்கு..."

அதற்கு மேல் வரவில்லை. மகள் எடுத்த கரண்டியைத் திரும்ப வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.