காயாத சட்டை

கடற்கரை ஊர்களின் தலையெழுத்தை எழுதுகிற ஆட்கள் எங்கள் அலுவலகத்தில் மூன்று பேர். ஐந்து, பத்து, இருபது வருஷம் கழித்து எந்த ஊர் எவ்வளவு சுடும் என்று கணித்து வரைபடத்தில் வண்ணம் பூசுவோம். சூடு ஏறினால் சிவப்பு, அவ்வளவாக ஏறாவிட்டால் நீலம். எந்த ஊருக்குச் சிவப்படித்தாலும் மத்தியானம் வயிறாரச் சாப்பிடுவேன். பிழைப்பு அப்படி.

அந்த வரைபடத்தை நம்பித்தான் என் அக்கா ஊர் மாறினாள். அவள் மகளுக்கு, எங்கள் பட்டாணிக்கு, ஏழு வயது. பிறவியிலேயே வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வெயில் ஏறினால் உள்ளே சேர்ந்த சூடு வெளியே போக வழியில்லை. ஒருமுறை வலிப்பு வரை போய்விட்டது. அதனால் அக்கா அவள் சட்டையை நனைத்து நனைத்துப் போட்டுவிடுவாள். அது காயக் காயத்தான் பிள்ளைக்கு உடம்பு குளிரும். உள்நாட்டு ஊரின் அனலில் நாளெல்லாம் நனைத்தே சலித்துப்போனவள், எங்கள் வரைபடத்தில் நீலமாக இருந்த ஒரு கடற்கரை ஊரைப் பார்த்ததும் மூட்டை கட்டிவிட்டாள். நானும் போ என்றேன். கணிப்பும் இருக்கிறது, கடல்காற்றும் இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

நேற்றுக் குடிபோனார்கள். இன்று காலை, சும்மா ஒரு ஆசைக்கு, அந்த ஊரின் கணக்கைத் திறந்தேன். கோடை உச்சத்திலும் பகல் வெப்பமும் இரவு வெப்பமும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி இருந்தன. நிலம் பகலில் காயும், இரவில் ஆறும். இப்படி அசையாமல் கிடப்பது தண்ணீர் மட்டும்தான்.

பக்கத்து மேசைக்காரருக்கு 'கட்டம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குக்குக் கொடுப்பது அவர் வேலை.

"சார், இந்த ஊரு விழுற கட்டம் நிலமா, கடலா?"

எட்டிப் பார்த்தார். "முக்கால்வாசி கடல்மா. பாதிக்கு மேல கடல்னா மொத்தக் கட்டத்தையும் கடல்னு வச்சுக்குவோம். வழக்கம்தானே."

"அப்போ ஊரு?"

"கணக்குப்படி தண்ணிக்குள்ள இருக்கு," என்று சிரித்தார்.

"கணக்குப்படி என் அக்கா பொண்ணு என்ன, மீன்குஞ்சா சார்?"

அவருக்குப் பட்டாணியைத் தெரியும். சிரிப்பை நிறுத்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "பக்கத்து நிலக் கட்டத்தை எடுங்க. காத்துல இருக்குற ஈரத்தையும் சேத்துப் போடுங்க."

போட்டேன். கணக்கு ஓடி முடிய மத்தியானம் ஆகிவிட்டது. வெறும் சூடு என்று பார்த்தால் பழைய ஊரைவிடக் குறைவுதான். ஈரத்தைச் சேர்த்ததும் திரை கருஞ்சிவப்பாகிவிட்டது. எங்களிடம் ஓர் அளவு உண்டு: வெப்பமானியின் முனையில் ஈரத்துணியைச் சுற்றி, அந்தத் துணி காய்ந்து எவ்வளவு குளிர்கிறது என்று பார்ப்பது. காற்றில் ஈரம் மண்டினால் துணி காயாது, காயாவிட்டால் குளிராது. பட்டாணிக்குப் பதினைந்து வயதாகும்போது கோடையில் பாதி நாள் அந்த ஊரில் துணி குளிரப்போவதில்லை. எத்தனையோ தடவை போட்ட கணக்குதான். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி மாதிரியேதான் எங்கள் வீட்டுப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறாள் என்று இன்றுதான் உறைத்தது. பயந்துபோனேன்.

இன்னும் எட்டு வருஷம் கிடக்கிறது, அதற்குள் ஏன் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாய் என்று என்னையே அதட்டிக்கொண்டு அக்காவை அழைத்தேன்.

"உனக்கு ஆயுசு நூறுடி. இப்பத்தான் நினைச்சேன்," என்றாள். குரலில் அப்படியொரு நிம்மதி.

"வீடு எப்படி இருக்கு?"

"வீடு நல்லா இருக்கு. காத்துதான் காலையில இருந்து நின்னுபோச்சு, ஒரே புழுக்கம். ஆனா ஒண்ணு சொல்லணும், நீ சொன்ன ஊரு நல்ல ஊருடி. விடிஞ்சதும் நனைச்சுப் போட்ட சட்டை இன்னும் காயவே இல்ல. மத்தியானம் ஆயிடுச்சு, அப்படியே ஈரமா இருக்கு. எனக்கு வேலை மிச்சம். எத்தனையோ நாளைக்கு அப்புறம் இன்னிக்குத்தான் உக்காந்து சாப்பிட்டேன்."

கட்டம் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"பட்டாணி எங்கக்கா?"

"தூங்குறா. காலையில இருந்தே தூக்கம்தான். பாவம், நேத்து அலைச்சல்."

"அவ கழுத்துல கை வச்சுப் பாரு."

"தூங்குற புள்ளைய ஏன்டி..."

"வச்சுப் பாருக்கா."

அவள் நடக்கிற சத்தம் கேட்டது. கட்டில் கிரீச்சிட்டது. எட்டு வருஷம் கழித்து வரவேண்டிய சிவப்பு என் திரை முழுக்க நின்றது.

"சட்டை ஈரமாத்தான்டி இருக்கு," என்றாள் அக்கா. குரல் சின்னதாகிவிட்டது. "உடம்பு கொதிக்குது. கூப்பிட்டா கண்ணத் தொறக்க மாட்டேங்குறா."