என்ஜின் சூடு

பஸ் டிப்போவில் அந்த உபாதைக்கு 'என்ஜின் சூடு' என்று பெயர். என்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டினால் உடம்பு சூடேறிவிடும், சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் போகும் என்பது டிரைவர்களின் முடிந்த முடிவு. ஐம்பதைத் தாண்டியவர்கள் கழிவறைச் சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் நிற்பார்கள். "என்னண்ணே, டீசல் லைன்ல ஏர் பிடிச்சிருக்கா?" என்று பின்னால் நிற்பவன் கேட்பான். சிரிப்பார்கள். அதோடு சரி.

மூத்த டிரைவரும் அப்படித்தான் நின்றார். தண்ணீரை நிறையக் குடித்தார். இடுப்பு வலித்தபோது சீட்டைக் குறை சொன்னார். மெக்கானிக் முணுமுணுத்துக்கொண்டே ஸ்பிரிங்கை மாற்றிக் கொடுத்தான். வலி போகவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போய் டெஸ்ட் எல்லாம் எடுத்தார்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "புராஸ்டேட்ல புற்றுநோய். எலும்புக்குப் போயிடுச்சு."

"என்ஜின் சூடுன்னு நெனச்சேன்."

"சூட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. வயசானா அந்தச் சுரப்பி நெறைய பேருக்கு வீங்கும். வெறும் வீக்கம்னா மாத்திரையே போதும். உங்களுது அது இல்ல. கட்டுப்படுத்தலாம், முழுசா குணமாகாது." பேனாவை மூடினார். "கூடப் பிறந்த ஆம்பளைங்க இருக்காங்களா?"

"ஒரு தம்பி. அவனும் டிரைவர்தான்."

"தொந்தரவு இல்லன்னாலும் ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. அண்ணனுக்கு இருந்தா தம்பிக்கும் வர வாய்ப்பு ஜாஸ்தி. உங்கள மாதிரி அவரும் லேட்டா வர வேணாம்."

தம்பிக்குத் தொந்தரவு இல்லாமல் இல்லை. அதே டிப்போ, அதே சுவர்.

மறுநாள் மதியம், தம்பி வண்டியைக் கிளப்பப்போகும்போது பிடித்தார். எல்லாவற்றையும் சொன்னார். தம்பி ஸ்டீயரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

"நானும் போன வாரம் வரைக்கும் கல்லுதான்டா."

"பின்னால விரலை விட்டுப் பார்ப்பாங்களாமே."

"மொதல்ல ரத்தம்தான் எடுப்பாங்க. அப்படியே பார்த்தாலும் பார்த்துட்டுப் போகட்டும். செத்தா நாலு பேர் சேர்ந்து குளிப்பாட்டுவாங்க. அப்ப வேணாம்னு சொல்லுவியா?"

தம்பி சிரிக்கவில்லை. "அண்ணிகிட்ட சொல்லிட்டியா?"

அவர் குனிந்து டயரைப் பார்த்தார்.

"கட்டினவகிட்டயே உனக்குச் சொல்ல முடியல. எனக்குப் புத்தி சொல்ல வந்துட்ட. மொதல்ல நீ அங்க சொல்லு. அப்புறம் நான் போறேன்."

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். பேச்சை வெட்டத்தான் அப்படிச் சொன்னான் என்று அவருக்குத் தெரியும். அண்ணன் சொல்லமாட்டான் என்ற தைரியம்.

வீட்டுக்கு நடந்தார். மனைவி தையல் மிஷினில் இருந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல், மிஷினிலிருந்து தொங்கிய நீலத் துணியைப் பார்த்துச் சொன்னார். மிதி நின்றது.

"எத்தன நாளா கஷ்டப்படற?"

"ரொம்ப நாளா."

"ஏன் சொல்லல?"

"கூச்சமா இருந்துச்சு."

"யார்கிட்ட? எங்கிட்டயா? பிள்ளைங்கள வானத்துலேர்ந்தா இறக்கினோம்?"

பிறகு தம்பியின் கதையையும் சொன்னார். அவள் கையை நீட்டி அவருடைய போனை வாங்கினாள். தம்பி எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கும்வரை விடவில்லை.

"நான்தான் பேசறேன். உங்கண்ணன் எங்கிட்ட சொல்லிட்டாரு. காலையில வண்டி எடுக்காதீங்க தம்பி. ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறேன்."

மறுமுனையில் ஏதோ இழுத்தான்.

"கூச்சமா இருந்தா கண்ண மூடிக்கிட்டு வாங்க. கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போறேன்."

பிறகு, "சரிண்ணி" என்பது அவருக்கும் கேட்டது.

போனை வைத்தாள். நூல் அறுந்திருந்தது. ஊசிக்காதில் கோக்கப் பார்த்தாள். நூல் விலகி விலகிப் போயிற்று. கோத்துத் தருவதற்குக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. "இத்தன நாளா நீ எங்கிட்ட கை நீட்டினியா?" என்றாள்.