கொட்டாரத்து வாசல்

ஷாரோனுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் மனசு கெட்டதில்லை. குற்றாலத்தில் சீசன் என்றால் கைடு வேலைக்கு அவளைத் தேடித்தான் வருவார்கள். அன்றைக்கென்று பார்த்து அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. சும்மா இருப்பாளா அவள்? தென்காசியில் ஒரு வேனைப் பிடித்து, கன்னியாகுமரிக் கடலும் பத்மநாபபுரம் அரண்மனையும் ஒரே நாளில் என்று ஆள் சேர்த்துவிட்டாள்.

அதில் ஒருத்தி அச்சன்புதூர் யோகலட்சுமி. புருஷன் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. வேனில் ஏற்றிவிட வந்த தம்பி ரவி, ஷாரோனைத் தனியாகக் கூப்பிட்டான். போன மாசம் அக்கா தோட்டத்துக் கிணற்றுச் சுவரில் காலை உள்ளே தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்ததைச் சொன்னான். இத்தனை நாள் கழித்து அவளாக வாயைத் திறந்து கேட்டது கடலைப் பார்க்கணும் என்பதுதான், மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, தனக்கோ லீவு கிடைக்கவில்லை, எங்கேயும் தனியாக மட்டும் விட்டுவிடாதே என்று கும்பிடாத குறையாகக் கேட்டான். என் கூடப்பிறந்தவள் மாதிரிப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் ஷாரோன். சொல்லத்தான் செய்தாள்!

கன்னியாகுமரியில் படகு வரிசை நகரவே இல்லை. பாறைக்குப் போய்த் திரும்புவதற்குள் நேரம் எங்கேயோ போய்விட்டது. அரண்மனையில் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டால் வந்தவர்கள் சும்மா விடுவார்களா? டிரைவர் பெஞ்சமின் ஹாரனை விடாமல் அடிக்கிறான். யோகலட்சுமியோ கரையில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். கொஞ்சம் இருந்துவிட்டு வருகிறேன், நீங்கள் போங்கள் என்கிறாள். ஷாரோன் கெஞ்சிப் பார்த்தாள், ஆள் அசையவில்லை. வேனுக்குள் ஒவ்வொருத்தராக முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஷாரோனுக்குப் புத்தி மழுங்கிப்போயிற்று.

“சரிக்கா, நேரா கொட்டாரத்துக்கு வந்திருங்க. பஸ்ஸு நெறைய உண்டு. நான் வாசல்லயே நிக்கேன்.”

செங்கோட்டைக்காரி அல்லவா, பேச்சில் பாதி மலையாளம். அரண்மனை என்ற சொல்லே அவள் வாயில் வராது, எல்லாம் கொட்டாரம்தான். காலையில் வேனில் அதை விளக்கிச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். யோகலட்சுமி மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்மநாபபுரத்தில் கூட்டத்தை உள்ளே அனுப்பிவிட்டு ஷாரோன் வாசலில் நின்றாள். பஸ் பஸ்ஸாக வந்தது. யார் யாரோ இறங்கினார்கள். யோகலட்சுமியைக் காணோம். உள்ளே போனவர்கள் மரவேலைப்பாட்டையும் கண்ணாடி மாதிரி மின்னும் கறுப்புத் தரையையும் பார்த்து முடித்து வெளியே வந்து, நுங்கு வாங்கித் தின்னவும் ஆரம்பித்துவிட்டார்கள். ஷாரோன் வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்தாள். கண்ணை மூடினால் கிணற்றுச் சுவரும் தொங்குகிற காலும்தான். பாவி, கடலோரத்தில் அல்லவா விட்டுவிட்டு வந்திருக்கிறாள்!

வேனுக்குள் போன் அடித்தது. யோகலட்சுமி சீட்டிலேயே வைத்துவிட்டுப் போன போன். ‘தம்பி’ என்று மின்னியது. ஷாரோன் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. சொல்லிவிடு என்றான் பெஞ்சமின். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அடித்து ஓய்ந்தது. மூன்றாம் தடவை அடித்தபோது எடுத்துவிட்டாள். அக்காவிடம் கொடு என்றான் ரவி. ஷாரோன் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். 

“எங்க வரச் சொன்ன?” என்று கேட்டான் ரவி.

“கொட்டாரத்துக்குத்தான் அண்ணாச்சி.”

“கொட்டாரம் ஒரு ஊரும்மா. கன்னியாகுமரி பக்கத்துல. நான் உரம் விக்கப் போற ஊரு.”

அவ்வளவுதான், பெஞ்சமின் வண்டியை எடுத்தான். மற்றவர்களை அரண்மனை வாசலிலேயே இருக்கச் சொல்லிவிட்டு ஷாரோன் முன்சீட்டில் ஏறினாள். அங்கேதான் போயிருப்பாள் என்று ஒரு மனசு. போகாமல் கடலையே பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் என்று இன்னொரு மனசு. வழி நெடுக அவள் ஜெபம் சொன்னாள், பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

கொட்டாரம் பஸ் நிறுத்தத்தில் ஒருத்தரும் இல்லை. டீக்கடைக்காரரிடம் விசாரித்தால், அரண்மனை வாசல் எங்கே என்று கேட்டு ஒரு அம்மா மத்தியானத்திலிருந்து ஊரைச் சுற்றி வந்ததாகச் சொல்லித் தெருக்கோடியைக் காட்டினார். அங்கே பூட்டிக்கிடந்த ஒரு பழைய வீட்டின் பெரிய கேட். அதன் முன்னால், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு யோகலட்சுமி.

ஷாரோன் ஓடிப்போய் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

“எங்கட்டி போன?” என்றாள் யோகலட்சுமி, கோபமாக. “இங்கன அரண்மனையே இல்லன்னு எல்லாரும் சிரிக்காவ. இருக்கதுலயே பெரிய வாசல் இதுதான்னு உக்காந்துட்டேன்.”

“ஒரு பஸ்ஸப் பிடிச்சு ஊருக்குப் போயிருக்கலாம்லாக்கா.”

யோகலட்சுமி கேட் கம்பியைப் பிடித்து மெல்ல எழுந்தாள். சேலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள். இடுப்பு வரைக்கும் உப்பு பூத்துக் காய்ந்திருந்தது.

“கடல்ல எறங்கத்தான் செஞ்சேன். அப்பதான் நீ வாசல்ல நிக்கேன்னு சொன்னது நெனப்பு வந்துச்சு. இந்தப் பிள்ள எனக்காக ராத்திரி வரைக்கும் நின்னுக்கிட்டுல்லா கெடக்கும்னு கரையேறி வந்துட்டேன்.”

 ஷாரோன் கையிலிருந்த அந்தப் போன் அடித்தது. யோகலட்சுமியே வாங்கி எடுத்தாள்.

“கொட்டாரத்துலதாம்லே இருக்கேன்” என்றாள் தம்பியிடம். “இந்தப் பிள்ள வந்துட்டா. வந்துட்டா.”