தறிப்பேச்சு

மில் மூடிப் பதினோரு வருஷம் பூட்டிக் கிடந்தது, கண்ணுகளா. இப்போது போய்ப் பாருங்கள், அடையாளமே தெரியாது. நூல் கிடங்கில் உடற்பயிற்சிக் கூடம். சாயப்பட்டறையில் காபிக்கடை. முந்நூறு தறி ஓடிய கொட்டகையைக் கண்ணாடித் தடுப்பு வைத்து அறை அறையாகப் பிரித்து, கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு விட்டிருக்கிறார்கள். கழுத்தில் அட்டை தொங்க, பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வேலைக்கு வருகிறார்கள். வந்தது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை.

அந்தக் கொட்டகையில் இருபத்திரண்டு வருஷம் எதிரெதிர்த் தறியில் நின்றவர்கள் நெட்டையும் கொண்டையும். பெற்றவர்கள் வைத்த பெயர் மில் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. தறிகள் அடிக்கிற சத்தத்தில், தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்காது. அதனால் பெண்கள் குரலை விட்டுவிட்டு உதட்டால் பேசினார்கள். வாயை நன்றாகத் திறந்து, எழுத்தெழுத்தாக உதட்டில் வரைந்து காட்டுவார்கள். தறிப்பேச்சு என்று அதற்குப் பெயர். மேஸ்திரியை அவர் மூக்குக்கு நேராகவே கிண்டல் செய்யலாம். அவர் முதுகுப் பக்கமாக வந்தால் எதிரில் நிற்பவள் கண்ணை விரிப்பாள். இவள் வாய் உடனே மூடும். இருவர் காதையும் அந்தச் சத்தம் முக்கால்வாசி தின்றுவிட்டது.

இப்போது ஒரு தறியை மட்டும் காட்சிக்கு வைத்திருந்தார்கள். வருகிறவர்களுக்கு அதை ஓட்டிக் காட்ட, பழைய ஆள் ஒருவர் தேவை என்று அறிவிப்பு. அந்த வேலையைக் கேட்க இருவரும் வந்தார்கள். தறியைப் பார்த்ததும் நெட்டைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"தலை ஒரு தறியோடது, கால் இன்னொண்ணோடது. மேல சிவப்புச் சாயம் வேற. யாருடி இதுக்கு அலங்காரம் பண்ணது?"

"வாயை மூடுக்கா. வேலை கிடைக்கணுமா, வேணாமா?" என்றாள் கொண்டை.

காலை ஒருத்தி, மதியம் ஒருத்தி என்று பாதி பாதியாகக் கேட்பதாக இருவரும் பேசி வைத்திருந்தார்கள். மகன் வீட்டில் மடித்த துணியையே திரும்ப மடித்துக்கொண்டிருந்த நெட்டைக்கு, காலையில் கிளம்பிப் போக ஓர் இடம் வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. பேச்சில் கெட்டிக்காரி கொண்டைதான். இருவருக்கும் சேர்த்துக் கேட்பதாகச் சொல்லிவிட்டு அவள் முதலில் ஆள் எடுக்கிற அதிகாரியின் அறைக்குள் போனாள்.

நெட்டை வெளியே நாற்காலியில் உட்கார்ந்தாள். அறைக்குக் கண்ணாடிச் சுவர். உள்ளே, அதிகாரியின் வாயைப் பார்த்தே கொண்டை அவர் கேட்டதையெல்லாம் புரிந்துகொண்டாள். பதில் சொல்லும்போதுதான் பழக்கம் அவளைக் காட்டிக்கொடுத்தது. எழுத்தெழுத்தாக உதட்டைத் திறந்தாள்.

"வெளிய இருக்காங்களே, அவங்களுக்குக் காது சுத்தமா கேக்காது சார். யாராவது கேள்வி கேட்டா முழிப்பாங்க. பாவம், ஆசைப்பட்டுக் கூட வந்துட்டாங்க. முழு நாளும் நானே பாத்துக்கறேன்."

நெட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். 'பாவம்' என்று உதடு ஒட்டிப் பிரிந்து ஒட்டியதைத் தப்பாகப் படிக்க வழியே இல்லை.

கொண்டை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"பாதி பாதியா முடியாதாம்க்கா. ஒரே ஆள்தானாம். உன்னைப் பத்தி எவ்வளவோ எடுத்துச் சொன்னேன்."

"என்னன்னு சொன்ன?"

"நல்லதாத்தான். வேற என்ன சொல்லப்போறேன்?"

அப்போது கொண்டையின் பின்னால் கதவு திறந்தது. அதிகாரி காகிதத்தோடு நின்றார். "அம்மா, ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

கொண்டை திரும்பவில்லை. அவர் உதடு மறுபடி அசைந்தது. "மனசுல ஒண்ணும் வச்சுக்காதக்கா" என்று அவள் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நெட்டையின் கண் தானாக விரியப் பார்த்தது. இமையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கொண்டையின் முகத்தையே பார்த்தாள்.

மூன்றாம் தடவையும் கூப்பிட்டுவிட்டு, அவர் வந்து தோளைத் தொட்டார். கொண்டைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஆங்? என்ன சார்?"

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். காகிதத்தை மடித்தார். "அப்புறம் சொல்லி அனுப்பறோம்மா."

வாசலுக்கு வந்ததும் கொண்டை பிடித்துக்கொண்டாள். "அவர் கூப்பிட்டதைப் பாத்துக்கிட்டுத்தானே இருந்த? ஏங்க்கா சொல்லல?"

"எனக்குத்தான் காது சுத்தமா கேக்காதேடி."

கொண்டை கண்ணாடிச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். கை மெல்ல எழுந்து வாயைப் பொத்திக்கொண்டது.

நெட்டை அவளுக்காக நிற்காமல் நடந்தாள். நாளைக் காலையில் எங்கே போவது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.