கஞ்சி கடத்திய காலம்

இந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சத்தியம். தரையில் அடித்துச் சொல்லலாம், வேண்டுமானால் கேட்கிறவர் தலையில் அடித்தும் சொல்லலாம். சந்தேகப்படுகிறவர்கள் அந்த வருஷத்து அரசிதழை எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும். கிடைக்காது, அது வேறு விஷயம்.

ஒரு நாட்டின் அரசு அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் ஒருவர் இருந்தார். கூட வேலை பார்த்தவர்கள் அவரை ஒற்று என்று கூப்பிட்டார்கள். எங்கே ஒற்றெழுத்து விட்டுப்போனாலும் அவருக்குப் பொறுக்காது. ஒருமுறை ஏதோ கடைப்பலகையில் 'க்' இல்லையென்று ஓடுகிற பேருந்திலிருந்து இறங்கிப் போய், சுண்ணாம்புக்கட்டியால் அதை எழுதிவிட்டு, அடுத்த பேருந்தில் வேலைக்குப் போனார். அப்பேர்ப்பட்டவர் கையில்தான் அந்தப் பிழை நடந்தது.

காரணம் அவருடைய அக்கா. வயிற்றில் புற்றுநோய். ஊசி போட்டுக்கொண்டு வந்தால் எதுவும் உள்ளே தங்காது. கொடுத்த கஞ்சி கொடுத்த வேகத்தில் திரும்பி வரும். உடம்பு கொஞ்சமாவது தேறினால்தான் அடுத்த ஊசி, இல்லையென்றால் வைத்தியத்தையே நிறுத்த வேண்டியதுதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார்.

"கஞ்சா கொஞ்சம் எடுத்தா இந்தக் குமட்டல் அடங்கலாம். சில பேருக்கு நல்லாவே கேக்குது. ஆனா நான் சொல்லல."

"நீங்க சொன்னீங்களே டாக்டர்."

"அதான், நான் சொல்லல."

சந்தைக்குப் பின்னால் புகை என்று ஒருவன் நிற்பான். அவனிடம் ஒற்று ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். அதில் பாதி காய்ந்த புல், மீதியில் பாதி ஷூ பாலிஷ். அக்கா ஒரே இழுப்பு இழுத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வர இருமினாள்.

"டேய், இது கஞ்சா இல்லடா. உங்க அச்சாபீஸ் மை."

அந்த வாரம்தான் புதிய சட்டம் அச்சுக்கு வந்தது. பழைய போதைச் சட்டங்களையெல்லாம் ரத்துசெய்துவிட்டு, கஞ்சாவை ஒரே போடாகப் போட்டுத்தள்ளும் சட்டம். வைத்திருந்தாலும் விற்றாலும் உட்கொண்டாலும் ஆறு வருஷம் உள்ளே. ஒற்று அதைத் திருத்திக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள்.

"காலைக் கஞ்சியும் போச்சுடா தம்பி. இனிமே ஊத்தாத. அரிசி வீண்."

சட்டம் முழுக்கக் கஞ்சா. அவர் மனசு முழுக்கக் கஞ்சி. மனசு ஜெயித்தது. பக்கத்துக்குப் பக்கம் 'சா'வின் துணைக்காலை வெட்டிவிட்டு 'சி'யின் மேல்விலங்கை மாட்டிக்கொண்டே போனார். கால் போய் விலங்கு வந்தது. மறுநாள் காலை அந்த நாட்டில் கஞ்சா குற்றமில்லை, கஞ்சி குற்றம்.

சட்ட அமைச்சர் கைதவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். "அரசிதழில் பிழை வராது" என்று அறிக்கை விட்டுவிட்டார். விட்ட பிறகு விழுங்க முடியுமா? காவல்துறை வேலையைத் தொடங்கியது.

குக்கர் விசில் அடித்த வீடுகளிலெல்லாம் சோதனை. ஆறு மாதக் குழந்தைக்கு ஊட்டிய அம்மாக்களைக் கரண்டியும் கையுமாகப் பிடித்தார்கள். துணிக்குக் கஞ்சி போட்ட சலவைக்காரர் மொத்த வியாபாரி என்று உள்ளே போனார். நாட்டில் ஒருவர் சட்டையும் நிமிர்ந்து நிற்கவில்லை; காவலர்களின் சீருடையே ஈரத் துணி மாதிரி தொங்கியது. காய்ச்சல்காரர்கள் சந்து முனையில் நின்று, "சரக்கு இருக்கா?" என்று முணுமுணுத்தார்கள். விற்றவர்கள் சரக்கில் போஸ்டர் ஒட்டும் பசையைக் கலந்தார்கள். அதைக் குடித்தவர்கள் வாயைத் திறக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், எழுதிக் காட்டினார்கள்.

கஞ்சாவோ மருந்துக்கடைக்கு வந்தது. சீசாவில் அளவு ஒட்டியிருக்கும், வயது கேட்டுத்தான் கொடுப்பார்கள், எடுத்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது. வானம் இடிந்து விழவில்லை. பொழுதெல்லாம் ஊதிக்கொண்டு கிடந்த மெக்கானிக் ஒருவர், "இதை விட முடியல டாக்டர்" என்று தானே ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றார். முன்பானால் போயிருக்க மாட்டார். மருத்துவருக்கு முன்னால் காவலர் வந்துவிடுவார் என்று பயம்.

அக்காவும் சீசாவைத் திறந்தாள். சொட்டு மருந்து நாக்கில் பட்டு, கொஞ்ச நேரம் போனதும், பல மாதங்களாக அவள் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"பசிக்குதுடா. கொஞ்சம் கஞ்சி வை."

ஒற்றுவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர் வீட்டு அரிசி சோதனையில் போய்விட்டது. மறுபடியும் சந்தைக்குப் பின்னால் போனார். அங்கே நின்றவன் அதே புகை.

"கஞ்சாத் தொழில் படுத்திருச்சுண்ணே. கடையில சீல் வெச்சு, பில்லோட விக்கிறான். எங்கிட்ட எவன் வருவான்? இப்ப நமக்குக் கஞ்சிதான்." பிளாஸ்கை நீட்டினான். "வாசனை வெளிய போகாம கொண்டு போங்க."

அக்கா பாதித் தம்ளர் குடித்திருந்தபோது ஆய்வாளர் வந்துவிட்டார்.

"இந்தச் சீசாவுல என்ன?"

"கஞ்சா," என்றாள் அக்கா.

"சரி. அந்தத் தம்ளர்ல?"

"ஒண்ணுமில்ல தம்பி. பசை. போஸ்டர் ஒட்டப் போறேன்."

ஆய்வாளர் குனிந்து மோந்தார். "நொய்க் கஞ்சிக்கா. கலப்படமில்லாத சரக்கு. பொய் சொல்லாதீங்க."

"இத்தனை நாள்ல இன்னைக்குத்தான் வயித்துல நிக்குது. குடிச்சு முடிச்சிடறேன், அப்புறம் யாரை வேணா புடிச்சிட்டுப் போ."

ஆய்வாளர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவள் கடைசி மடக்கு குடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு ஒற்றுவைப் பிடித்துக்கொண்டு போனார்.

விசாரணையில் பிழை அவர் கைவேலைதான் என்று தெரிந்ததும், நேரே அமைச்சரிடமே கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

"அந்த எழுத்தை மாத்துய்யா," என்றார் அமைச்சர். "திருத்தம்னு போட்டு, கஞ்சான்னு அச்சடி. உன்னை விட்டுடறேன்."

ஒற்று பிறந்ததிலிருந்து கண்ணில் பட்ட ஒரு பிழையையும் விட்டவரில்லை. இதை மட்டும் விட்டார்.

"மாட்டேங்கய்யா."

"ஏன்?"

"எங்கக்காவுக்கு இப்பத்தான் சாப்பாடு இறங்குது. நீங்க சொல்றபடி மாத்தினா கஞ்சி கிடைக்கும், இறங்காது. அடுத்த ஊசிக்கு ஆள் இருக்க மாட்டா."

அமைச்சர் ஆய்வாளர் பக்கம் திரும்பினார். "ஊர்ல கஞ்சாக் கொட்டம் எப்படியிருக்கு?"

"கடைக்கு வந்ததுலேர்ந்து வழக்கே இல்லீங்கய்யா. புகை கஞ்சிக்கு மாறிட்டான். நீங்க எழுத்தை மாத்தினா அவனும் திரும்ப மாறிடுவான். எது தடையோ அதுதான் அவனுக்குச் சரக்கு."

"அப்போ தடை போட்டு யாருக்குய்யா லாபம்?"

"புகைக்குத்தான்."

அமைச்சர் எரிச்சலோடு எழுந்து நின்றார். அப்போதுதான் ஆய்வாளர் கவனித்தார்: நாடே கசங்கிக் கிடக்கும்போது, அமைச்சரின் சட்டை மட்டும் அட்டை வெட்டி வைத்த மாதிரி நின்றது. கிட்டே போய்க் காலரைச் சுண்டினார். டக்கென்று சத்தம் வந்தது.

"ஐயா, இது கஞ்சி."

அமைச்சர் காலரைக் கையால் மூடிக்கொண்டார்.

"சொந்த உபயோகத்துக்குய்யா."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. எங்க வாங்குனீங்க?"

"புகைகிட்ட," என்றார் அமைச்சர், மிகவும் மெதுவாக.

ஆறு வருஷம் என்று தானே எழுதிய வரி அவருக்கு நன்றாக ஞாபகமிருந்தது. சட்டசபை உடனே கூடியது. கஞ்சிக்கு விடுதலை கிடைத்தது, அடைபட்ட அம்மாக்கள் வீட்டுக்குப் போனார்கள். கஞ்சா இருந்த இடத்திலேயே, மருந்துக்கடையிலேயே இருக்கட்டும் என்று முடிவானது. பழைய சட்டத்தில் ஒரு பொட்டலத்துக்காக உள்ளே போனவர்களையும் வெளியே விட்டார்கள். ஊசிப் போதையில் மாட்டிக்கொண்டவர்களை இனி லாக்கப்புக்கு அனுப்பாமல் வைத்தியத்துக்கு அனுப்புவதென்பதை, தூக்கிய கைகளைப் பார்த்தால், யாரும் எதிர்த்ததாகத் தெரியவில்லை.

புதிய சட்டத்தை ஒற்று எழுத்தெழுத்தாகப் பார்த்தார். அக்கா அடுத்த ஊசிக்குப் போனாள். எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்று, "நல்லாப் பாருங்க டாக்டர், முள்ளு நகருது," என்றாள். மருத்துவர் இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை.

ஒன்றே ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: அந்த நாட்டில் தமிழ் எழுதவோ பேசவோ தெரிந்தவர் ஒருவர்கூடக் கிடையாது.